ஒன்பதாவது பத்தி

இனிமேல் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை என்று ஜோதிலிங்கம் முடிவு செய்த அன்று, அந்தக் கை முழுசாகக் குணமாகி இருபது நாள் ஆகியிருந்தது.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் இருபது கிலோ கோதுமையை அதே கையால் தூக்கி, அதே தோளில் வைத்துக்கொண்டு, கிட்வாய் நகர் மார்க்கெட்டில் இருக்கும் சக்கிக்குப் போய் மாவாக்கிக்கொண்டு வந்திருந்தார். மாவு மில்காரர்கூட, மதராஸி பாபுவுக்கு இவ்வளவு பலமா என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அதுதான் அந்தக் கையின் கடைசிப் பெருமை.

முடிவு எடுக்கப்பட்ட இடம் கரோல் பாக். ஒரு வளையல் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. எடுத்துக் கொடுத்தவர் வக்கீல் வாசுதேவன். டெல்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனவர். தமிழில் தொடங்குவார், இந்தியில் முடிப்பார், நடுவில் பீஸ் கேட்பார்.

நடந்தது இவ்வளவுதான். டிசம்பர் மாதம், காலை ஒன்பது மணி, எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஜோதிலிங்கம் நடைபாதையை விட்டு இறங்கினார். பனிக்குள்ளிருந்து ஓர் ஆட்டோ வந்து இடித்தது. விழுந்தார். ஆட்டோவை ஓட்டி வந்த அய்யாசாமி இறங்கி ஓடிவந்து, "ஐயோ, நம்ம ஊர் ஆளா சார்?" என்று தூக்கி, இடித்த வண்டியிலேயே வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கழுத்துக்குக் கீழே எலும்பில் ஒரு கீறல். சாயங்காலம்வரை அய்யாசாமி கூடவே இருந்தார். அன்று அவருக்குச் சவாரி இல்லை. இருந்த காசில் ஜோதிலிங்கத்துக்கு டீயும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் டீ மட்டும் குடித்தார்.

ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டதுபோலத் துணியில் போட்டு வைத்தார் ஜோதிலிங்கம். எலும்பு நாணயமாகச் சேர்ந்துகொண்டது. இனிமேல் கல் உடைக்கப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். யாரோ சொன்னதைக் கேட்டு, ஆஸ்பத்திரிச் செலவாவது திரும்பி வருமா என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் வாசுதேவன் மூன்று லட்சம் என்று சொன்னார்.

ஜோதிலிங்கத்துக்கு வியர்த்தது. அது பிப்ரவரி.

யாருடைய பணம் அது என்று கேட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி பணம், அதாவது சர்க்கார் பணம், அதாவது யார் பணமும் இல்லை என்று வக்கீல் விளக்கினார். அப்படியானால் பொய் சொல்ல வேண்டுமா என்றார். பொய் இல்லை, உள்ளதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம் என்றார் வக்கீல். ஜோதிலிங்கத்துக்குத் துவாரகா கண்ணில் வந்து நின்றது. அவரோடு வேலை பார்க்கும் ஜெயகிருஷ்ணன் அங்கே கூட்டுறவு சங்கத்தில் ஃபிளாட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். இன்னும் தூசியும் இரும்புக் கம்பியுமாகத்தான் கிடந்தது. ஆனால் சொந்தத் தூசி. சர்க்கார் குவார்ட்டர்ஸில், ஓய்வு பெறும் நாளில் பெட்டியைக் கட்டச் சொல்வார்களே என்ற பயம் ஜோதிலிங்கத்துக்கு முப்பத்திரண்டு வயதிலேயே பிடித்திருந்தது.

பிரமாணப் பத்திரம் பதினான்கு பத்திகளோடு தயாரானது. உயிர்நாடி ஒன்பதாவது பத்தி. மனுதாரர் வலது கையைத் தூக்க இயலாது, பேனா பிடிக்க இயலாது, உணவை மனைவிதான் ஊட்டிவிடுகிறார் என்றது அது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட ஜோதிலிங்கம் பேனாவை எடுத்தார். வாசுதேவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு மைப்பெட்டியை நகர்த்தினார்.

"பேனா பிடிக்க முடியாதவர் கையெழுத்துப் போட்டா எப்படி ஜி? அங்கூட்டா லகாவோ."

பெரம்பலூர்ப் பக்கத்தில் அவருடைய அப்பா ஆயுள் முழுக்கக் கட்டைவிரல்தான் வைத்தார். கூட்டுறவு பாங்கு, தாலுகா ஆபீஸ், பையனின் பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும். வைத்துவிட்டு விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். எண்ணெய்த் தலையில் மை போய்விடும், வெட்கம் போகாது. ஜோதிலிங்கம் பி.ஏ. தேறிய அன்று, நம்ம வம்சத்துக்கு மை அழிஞ்சுதுடா என்று அழுதார்.

அந்த வம்சத்தில் மறுபடி மை ஏறியது. ஜோதிலிங்கம் இடது கட்டைவிரலை அழுத்தினார். எடுத்தார். துடைக்கத் துணி தேடுவதற்குள் விரல் தானாகத் தலைமுடிக்குப் போய்விட்டது.

கோர்ட்டுக்கு ஒவ்வொரு தேதிக்கும் வந்து போக ஆள் வேண்டும், முடமான மனிதர் அலைந்தால் நன்றாக இருக்காது என்று வாசுதேவன் இன்னொரு முத்திரைத்தாளும் தயார் செய்திருந்தார். வழக்கை நடத்த மனைவிக்கு முழு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அதிலும் விரல் ஏறியது. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து உஷாராணியிடம் நீட்டினார்.

உஷாராணி பிளஸ் டூ. கல்யாணமாகி டெல்லி வந்து மூன்று வருஷம். இந்தியைக் காய்கறிக்காரர்களிடம் கற்றுக்கொண்டவள். அவள் பேரம் பேசக் கற்ற வேகத்தில் ஒருவன் வண்டியை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். தாள் முழுக்க இந்தி எழுத்து. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு ஒரு கேஸ். நீ போய் நின்னா நான் நின்ன மாதிரின்னு எழுதியிருக்கு."

"அவ்ளோதானா?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த நாளிலிருந்து ஆபீஸில் வலது கை வேலைநிறுத்தம் செய்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வருகைப் பதிவேட்டை வரவழைப்பார், எங்கும் கையெழுத்து இருக்கக்கூடாது என்று வாசுதேவனின் கட்டளை. நோட்டெழுதும் கிளார்க்காக இருந்தவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இடது கையால் தபால்தலை ஒட்டினார். வருகைப் பதிவேட்டில் விரல் வைத்தார். படிக்காதவனை இந்தியில் 'அங்கூட்டா சாப்' என்பார்கள். பியூன்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீ வைக்கும்போது மைப்பெட்டியைக் கொஞ்சம் அருகில் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

சம்பளம் பெரிய சிக்கலாயிற்று. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடாமல் கேஷியர் பணம் தரமாட்டார். உஷாராணி பேரில் அதிகாரக் கடிதம் கொடுக்கவேண்டி வந்தது. மாதக் கடைசியில் அவள் வந்து, கையெழுத்துப் போட்டு, பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். புருஷன் தபால்தலையை நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டே பார்த்தார். வெற்றிலை பாக்குக்கும் அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

தபால் பிரிவில் இன்னும் எத்தனை நாள் என்று ஆபீஸில் கேட்டபோது செக்ஷன் ஆபீசர் அனுதாபத்தோடு, இப்படியே போனால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி உடல்தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அன்றிரவு ஜோதிலிங்கம் கையைப் போர்வைக்குள் வைத்து மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார். அது பாவம், சொன்னபடியெல்லாம் கேட்டது.

வீட்டுக்குள் திரை போட்டபின் கை சுதந்திரம் பெறும். சாப்பிடும், சொறியும், அப்பளம் உடைக்கும். வெளி வேலை மட்டும் செய்யாது. கேஸ் முடிகிறவரை வெளியில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உஷாராணியிடம் சொல்லி வைத்திருந்தார். கோதுமை மூட்டையை அவள்தான் இடுப்பில் வைத்துச் சக்கிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வாரம் தவறாமல்.

தெருவில் அய்யாசாமியின் ஆட்டோ எதிர்ப்படும். ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்து, "கை எப்படி சார் இருக்கு?" என்று கேட்பார். ஜோதிலிங்கம் முகத்தைச் சுளித்துக் காட்டுவார். அந்தச் சுளிப்பில் மட்டும் பொய் இல்லை.

கோர்ட் நோட்டீஸ் அய்யாசாமியின் குடிசையைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. குடிசைக்கு நம்பர் கிடையாது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அய்யாசாமியின் மனைவி வேலம்மாள் அதை எடுத்துக்கொண்டு ஜோதிலிங்கம் வீட்டுக்கே வந்தாள். எதிர் பிளாக்கில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெண் என்று அவளுக்குத் தெரிந்தது உஷாராணி ஒருத்திதான்.

குரல் கேட்டதும் உள்ளறையில் இருந்த ஜோதிலிங்கம் கைத்துணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஆள் வந்தால் மாட்டிக்கொள்வதற்கென்று ஆணியில் எப்போதும் தொங்கும். கதவிடுக்கு வழியாக எல்லாம் கேட்டது.

உஷாராணி ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். முதலில் வேகமாகப் படித்தாள். எட்டாவது பத்தியிலிருந்து மெதுவாகப் படித்தாள். ஒன்பதாவதில் நின்றாள். பிறகு, மனைவி ஊட்டிவிடுகிறாள் என்பதைத் தானே வாய்விட்டுச் சொன்னாள். பத்தாவது பத்தி, மனைவிதான் குளிப்பாட்டுகிறாள். பதினொன்று, சட்டை மாட்டிவிடுகிறாள். பன்னிரண்டை முதலில் தனக்குள் படித்துக்கொண்டாள். மனுதாரர் இளவயதிலேயே இல்லற சுகத்தை அறவே இழந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. அதையும் சொன்னாள்.

"அடக் கடவுளே, சின்ன வயசு ஆச்சேம்மா" என்றாள் வேலம்மாள். அவள் அதை மனதாரச் சொன்னாள். கதவுக்குப் பின்னால் ஜோதிலிங்கம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

இன்னொரு தாளும் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில். விபத்து நடந்த அன்று ஓட்டுநரின் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆகையால் பெரிய தொகை எதுவும் எங்கள் பொறுப்பல்ல, கோர்ட் கட்டச் சொன்னாலும் வண்டிக்காரரிடமே வசூலித்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது.

"அப்படின்னா வண்டி போயிடும், இல்லம்மா?"

உஷாராணி தாள்களை மடித்து அவளிடம் கொடுத்தாள். வேலம்மாள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. புதுப்பிக்கப் போனபோது ஏஜெண்ட் அடுத்த வாரம் வரச் சொன்னான் என்றாள். அய்யாவுக்குக் கை போனது போனதுதானே, நாங்கள் என்ன சொல்ல முடியும் என்றாள். கோர்ட் தேதி என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

லைசென்ஸ் விஷயத்தை வாசுதேவன் இரண்டு வாரத்துக்கு முன்பே டெலிபோனில் சொல்லியிருந்தார். அது கம்பெனிக்கும் டிரைவருக்கும் உள்ள பாடு, நமக்கென்ன என்றும் சொல்லியிருந்தார். அதன்பிறகு ஜோதிலிங்கத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் கையைத் தூக்கவில்லை.

உஷாராணி உள்ளே வந்தால் என்ன பதில் சொல்வதென்று மனதுக்குள் ஏழெட்டு வாக்கியம் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, வாய்க்கு நேரே நீட்டினாள்.

"என்னது?"

"ஒன்பதாவது பத்தி."

"இப்ப யாரும் இல்லையே, உஷா."

"ஆள் இருந்தா ஒண்ணு, இல்லாட்டி ஒண்ணுன்னு அதுல எழுதலையேங்க. நாளைக்கு என்னைக் கூண்டுல ஏத்தி, நீதான் ஊட்டிவிடறியான்னு கேப்பாங்க. எனக்குப் பொய் வராது. அதனால நிஜமாக்கிடறேன். வாயைத் திறங்க."

திறந்தார். உள்ளுக்குள் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நம் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்தார். அது அவர் அந்த வருஷம் செய்த இரண்டாவது தப்பு.

அன்றிலிருந்து வீட்டில் பத்திகளின் ஆட்சி. சோறு அவள் நினைத்த வேகத்தில், அவள் நினைத்த அளவில் வாய்க்கு வந்தது. இரண்டாம் முறை குழம்பு கேட்டால், அது பத்தியில் இல்லை என்றாள். காற்றுக்காக என்று தட்டைப் பால்கனிக்குக் கொண்டுபோய், எதிர் பிளாக் மொத்தமும் பார்க்க ஊட்டினாள். எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிசம்பர் தொடங்கியது. பத்தாவது பத்திப்படி காலை ஆறு மணிக்கு அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். வெந்நீர் என்று பத்தியில் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டாவது பத்திப்படி தன் பாயை முன்னறைக்குக் கொண்டுபோய் விரித்துக்கொண்டாள்.

"இது அக்கிரமம், உஷா."

"அறவே இழந்துவிட்டார்னு நீங்கதாங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. அறவேன்னா அறவே."

பத்து நாளில் ஜோதிலிங்கம் இளைத்துப்போனார். நோயாளி மாதிரியே ஆகிவிட்டீர்கள், ரொம்ப நல்லது என்று வாசுதேவன் பாராட்டினார்.

லோக் அதாலத்துக்குத் தேதி வந்தது. சமரசமாகப் பேசி முடிக்கும் கோர்ட். கம்பெனி பிச்சைக்காசு கொடுக்கப் பார்க்கும், வேண்டாம் என்று சொல்லி வேறு தேதி வாங்கிவிடலாம், நானும் பதினொரு மணிக்கு வந்துவிடுவேன் என்றார் வக்கீல். ஜோதிலிங்கம் வரக்கூடாது. டாக்டர் யாராவது இருந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டால்?

முதல் நாள் உஷாராணி எஸ்.டி.டி. பூத்திலிருந்து வாசுதேவனுக்குப் போன் போட்டாள். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்னென்ன செய்யலாம் என்று கேட்டாள். தான் எழுதிய பத்திரத்தில் வாசுதேவனுக்குப் பெருமை. தேதி வாங்கலாம், சாட்சி சொல்லலாம், பணம் வாங்கலாம், ராஜி பேசலாம், நீங்கள் செய்தால் அவரே செய்த மாதிரி என்று வரிசையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஜோதிலிங்கத்துக்கும் கேட்டது. பெண்டாட்டி கேஸில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாளே என்று அவர் பூரித்துப்போனார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஆணியிலிருந்து துணியை எடுத்து மாட்டிக்கொண்டு திண்டாட்டத்தோடு நின்றார். உஷாராணி படியேறி வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு தாளை மேஜைமேல் வைத்தாள்.

"தேதி என்னைக்கு?"

"தேதி இல்லைங்க. முடிஞ்சுபோச்சு."

ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, போக வர ஆட்டோக் காசு. பில் இருந்த மட்டும் கம்பெனியே கொடுத்துவிடும். அய்யாசாமியிடம் எதுவும் வசூலிக்காது. சின்னத் தொகை என்பதால் கம்பெனி வக்கீல் தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி என்றாராம். பத்தரைக்கே முடிந்துவிட்டதாம். பதினொரு மணிக்கு வந்த வாசுதேவன் ஏதோ இந்தியில் சொன்னாராம். அந்த வார்த்தை இன்னும் தான் கற்றுக்கொள்ளவில்லை என்றாள்.

துவாரகா, தூசியும் கம்பியுமாக, கண்ணெதிரே சரிந்தது.

"யாரைக் கேட்டு ராஜி ஆனே?"

"உங்களைத்தான். நான் நின்னா நீங்க நின்ன மாதிரிதானே?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குப் பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருந்தாருங்க. நிஜமாவே கை இல்ல. ஏழு வருஷமா தேதி கொடுக்கறாங்களாம். உங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கைம்மான்னு கேட்டார். என்னால சொல்ல முடியல."

ஜோதிலிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜைக்குப் போனார். ஆட்சேபணை மனு எழுதுவதாக அறிவித்தார். பத்து மாதமாக ஒளித்து வைத்திருந்த பேனாவை எடுத்தார். துணியைக் கழற்றி எறிந்தார். மனைவிக்கு ராஜி பேச என் சம்மதம் இல்லை என்று, பி.ஏ. படித்த அழகான கையெழுத்தில், ஒரு பக்கம் மூச்சுவிடாமல் எழுதினார். கையெழுத்துப் போடும் இடம் வந்தது. பேனா நின்றது.

அவர் விரல் வைக்க வீட்டில் வாங்கி வைத்திருந்த மைப்பெட்டியை உஷாராணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எது வேணுமோ போடுங்க. கைநாட்டு வச்சா, டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்லுவாங்க. கையெழுத்துப் போட்டா, டாக்டரே வேண்டாம்."

அவர் பேனாவைப் பார்த்தார். மைப்பெட்டியைப் பார்த்தார். இடது கட்டைவிரல் மறுபடி தலைமுடிக்குப் போகப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்தினார். எழுதிய தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். அதற்குமேல் அது மடியவில்லை.

அத்தனை பத்தி எழுதியிருக்கிறதே, ஜட்ஜ் ஒன்றும் கேட்கவில்லையா, என்மேல் பொய்ச் சத்தியம் என்று கேஸ் போட மாட்டார்களா என்று கேட்டார். இந்த மூன்றையும் கேட்கும்போது அவர் குரல் அவருடைய அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. அதெல்லாம் பத்து மாதத்துக்கு முந்தின பத்தி, சாமி புண்ணியத்தில் இப்போது குணமாகிவிட்டது என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள் என்றாள் உஷாராணி.

கீழே ஆட்டோ இன்னும் போகவில்லை. அய்யாசாமி தயங்கித் தயங்கிப் படியேறி வந்து வாசலில் நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"சார், கை வந்துடுச்சாமே சார். வேலம்மா தினமும் விளக்கேத்தினா சார். வண்டி போனாலும் போகட்டும், அந்த மனுசனுக்குக் கை வரட்டும்னு."

ஜோதிலிங்கம் தலையை ஆட்டினார். முகத்தைச் சுளிக்கவில்லை. எதைக் காட்டுவதென்று தெரியாமல் வலது கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

கதவோரம் கோதுமை மூட்டை இருந்தது. வாரக் கடைசி. அய்யாசாமி அதைப் பார்த்துவிட்டு, வண்டிதான் நிற்கிறதே, சக்கியில் போட்டு அரைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று குனிந்தார்.

"இருக்கட்டும் அண்ணே," என்றாள் உஷாராணி, "அவரே தூக்கிட்டுப் போவாரு. கை சரியாயிடுச்சுன்னு கோர்ட்டுலயே எழுதிக் கொடுத்துட்டாங்க."